"சரிங்க" சொல்லக் கற்றுக்கொடுத்தவள் எழுதுவது

கண்ணு,

நலமா என்று கேட்டு ஆரம்பிக்கப் போவதில்லை. ஞாயிற்றுக்கிழமை கோழிக் குழம்பை இரண்டாம் தடவையும் ஊற்றிக்கொண்டு சாப்பிட்டாய், நலமாகத்தான் இருக்கிறாய். இதையெல்லாம் போனிலேயே சொல்லலாம். சொன்னால் நீ "சரிங்கம்மா, சரிங்கம்மா" என்று நாலு தடவை சொல்லிவிட்டு வைத்துவிடுவாய். அந்தச் "சரிங்க"வைப் பற்றித்தான் இந்தக் கடிதமே. நம் பட்டறையில் மதியச் சாப்பாட்டுக்கு லேத்தெல்லாம் நின்றிருக்கிற அரைமணி நேரத்தில், மூன்று நாளாக உட்கார்ந்து எழுதுகிறேன். இதை உன் பள்ளியில் வேறு யார் படித்தாலும் எனக்கு ஆட்சேபணை இல்லை. ஆசிரியர் அறைச் சுவரில் ஒட்டினாலும் ஒட்டிக்கொள். கோபமாகத்தான் எழுதுகிறேன் என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பாதி படித்துவிட்டு "அம்மாவுக்கு பிரஷர் ஏறிப்போச்சு போல" என்று உன் பெண்டாட்டியிடம் சொல்லிச் சிரிக்க வேண்டாம்.

ஞாயிற்றுக்கிழமை நீ சொன்னதை உனக்கே திரும்பச் சொல்கிறேன், ஏனென்றால் நீ அதை மறந்தே போயிருப்பாய். நம் பட்டறையில் மூன்று வருஷமாக டிரில்லிங் மெஷினில் நிற்கிற ஒடிசாக்காரர் ரபி. அவர் மகள் சுபத்ராவுக்குப் பதினோரு வயது, பிறந்ததிலிருந்து காது கேட்காது. அவளை ஜூன் மாதத்தில் உன் பள்ளியில், நீ கிளாஸ் டீச்சராக இருக்கிற ஆறாம் வகுப்பில் சேர்க்கச் சொன்னது நான். "என் பையன் அங்க கணக்கு வாத்தியாருங்க. அவனோட அக்காவும் காது கேக்காத புள்ளதான். அவனுக்கு எல்லாம் தெரியும்" என்று ரபிக்கு வாக்குக் கொடுத்ததும் நான். நீ சோற்றைப் பிசைந்துகொண்டே சொன்னாய்: "அந்த ரபி புள்ள விசயம் முடிஞ்சுதுங்கம்மா. அப்பனைக் கூப்பிட்டுப் பக்குவமா எடுத்துச் சொல்லிப்போட்டேன். நமக்கு இது ஒத்து வராது, காது கேக்காத புள்ளைங்களுக்குன்னே ஹாஸ்டலோட ஸ்கூல் இருக்குது, அங்க சேத்துங்கன்னேன். டி.சி. கேட்டு எழுதற பாரத்தையும் குடுத்தாச்சு. வெள்ளிக்கிழமை கையெழுத்துப் போட்டுக் கொண்டாரேன்னு போயிருக்கறாரு. தங்கமான மனுசன். ஒரு வார்த்தை எதுத்துப் பேசலீங்க. சரி சார்னுட்டாரு."

உன் அக்கா நித்யா அப்போது ரசச் சட்டியோடு உனக்கு எதிரில் நின்றிருந்தாள். சின்ன வயதிலிருந்து உனக்கு ஒரு பழக்கம். அவள் இருக்கிற இடத்தில் நீ யாரிடம் பேசினாலும் முகத்தை அவள் பக்கம் வைத்துக்கொண்டு நிதானமாகப் பேசுவாய். அன்றைக்கும் அந்தப் பழக்கம் உன்னை விடவில்லை. நீ வளர்த்து வைத்திருக்கிற தாடியையும் மீறி உன் உதட்டைப் படிக்க அவளுக்குத் தெரியும். ஒரு எழுத்து விடாமல் அவள் படித்தாள். சட்டியைக் கீழே வைத்தாள், கையைத் துடைத்துக்கொண்டாள், மாடிக்குப் போய்விட்டாள். நீ என்னைப் பார்த்து, "அவளுக்கு என்னாச்சுங்கம்மா?" என்று கேட்டாய். எனக்கு வந்த கோபத்துக்கு, கையிலிருந்த கரண்டியை என்ன செய்திருப்பேன் என்று தெரியாது. உன் மகன் பக்கத்தில் உட்கார்ந்திருந்தான், அதனால் பேசாமல் இருந்தேன். அவளுக்கு என்னாச்சு என்று கேட்டாயல்லவா? இப்போது சொல்கிறேன், கேள்.

அவளுக்குக் காது கேட்காது என்று எனக்குக் காட்டிக்கொடுத்ததே நீதான். உனக்கு மூன்று மாதம், அவளுக்கு இரண்டே கால் வயது. அப்போது நம் வீட்டுக்குப் பக்கத்தில் தகடு வெட்டுகிற பட்டறை ஒன்று இருந்தது. அந்த மெஷின் இறங்கும்போதெல்லாம் தொட்டிலில் நீ தூக்கிவாரிப்போட்டு அழுவாய். அவள் தொட்டிலுக்குக் கீழேயே பொம்மையை வைத்துக்கொண்டு, எதுவும் நடக்காததுபோல் இருப்பாள். என்ன பொறுமையான குழந்தை என்று ஒரு வாரம் சந்தோஷப்பட்டேன். எட்டாவது நாளோ ஒன்பதாவது நாளோ, மெஷின் இறங்கியது, நீ அலறினாய், நான் உன்னைப் பார்க்காமல் அவளைப் பார்த்தேன். அவ்வளவுதான். அவள் பொம்மையை விட்டு நிமிரவே இல்லை.

பேச்சுப் பயிற்சி கொடுத்த அம்மாள் ஒரே ஒரு கட்டளை போட்டார். கையால் எதையும் காட்டக் கூடாது, வாய்தான். கையைக் காட்டிப் பழகினால் வாய் வராது என்றார். அன்றிலிருந்து அவள் கையை நீட்டி எதையாவது கேட்டால் நான் அந்தக் கையில் அடித்தேன். தண்ணீர் வேண்டும் என்று கட்டை விரலை உதட்டில் வைத்தாலும் அடித்தேன். தாகத்தோடு நின்ற குழந்தையை, "தண்ணி" என்று சொல்லும்வரை நிற்க வைத்திருக்கிறேன். பீரோக் கண்ணாடிக்கு முன்னால் உட்கார வைத்து, அவள் கையை என் தொண்டையில் வைத்து, வார்த்தை வார்த்தையாக ஊட்டினேன். "அம்மா" வர ஐந்து மாதம். அதற்கு அடுத்து நான் சொல்லிக்கொடுத்த வார்த்தை என்ன தெரியுமா? பசிக்குது இல்லை. வலிக்குது இல்லை. "சரிங்க."

ஏன் அதைச் சொல்லிக்கொடுத்தேன் என்றால், நம் சனத்துக்குப் பயந்துதான். கல்யாண மண்டபத்தில் யாராவது "ஏ அம்மணி, சாப்பிட்டியா?" என்று கேட்பார்கள். இவள் முறைத்துப் பார்த்துக்கொண்டு நிற்பாள். "பெரியவிங்க கேட்டா பதில் சொல்லத் தெரியாதா? திமிரு புடிச்ச புள்ள" என்பார்கள். நம் ஊரில் ஒரு பிள்ளைக்குக் கணக்கு வராவிட்டால் மன்னிப்பார்கள், மரியாதை வராவிட்டால் வளர்த்தவளைத்தான் திட்டுவார்கள். அதனால் யாராவது உன்னைப் பார்த்து வாயசைத்தால் தலையை ஆட்டு, சிரி, "சரிங்க" என்று சொல் என்று பழக்கினேன். பத்து மாதம் பிடித்தது. அவள் முதல்முதலாகப் பளிச்சென்று "சரிங்க" சொன்ன அன்று நம் சொந்தக்காரர்கள் எல்லாம், "எவ்வளவு மரியாதையான புள்ள!" என்றார்கள். எனக்குத் தலைகால் புரியவில்லை. என் மகள் பேசிவிட்டாள் என்று நினைத்தேன். அவள் வாயை நான் அன்றைக்குத்தான் மூடினேன் என்று எனக்குப் புரிய எட்டு வருஷம் ஆனது.

பள்ளிக்கூடத்தில் அந்த ஒரு வார்த்தையை வைத்தே எட்டு வருஷம் ஓட்டினாள். "புரிஞ்சுதா?" என்று கேட்டால் "சரிங்க மிஸ்." "வீட்டுப்பாடம் செஞ்சுடுவியா?" என்றால் "சரிங்க மிஸ்." போர்டில் இருப்பதை அச்சுப்போல் எழுதுவாள். ஒழுக்கத்துக்கு ஒவ்வொரு வருஷமும் பரிசு வாங்கினாள். ஒரு ஆசிரியருக்குக்கூட, இவளுக்கு ஒன்றும் ஏறவில்லையே என்று தோன்றவில்லை. சத்தம் போடாமல் மூலையில் இருக்கிற பிள்ளை எந்த வாத்தியாருக்குப் பாரம்? உனக்குத் தெரியாததா? நீயும் இப்போது வாத்தியார்தானே.

ஒன்பதாம் வகுப்பு அரையாண்டுத் தேர்வில் வண்டவாளம் வெளியே வந்தது. சமூக அறிவியல் பேப்பர். அவள் பதில் ஒன்றுகூட எழுதவில்லை. கேள்விகளையே திரும்பத் திரும்ப, பக்கம் பக்கமாக, முத்து முத்தான கையெழுத்தில் எழுதி, கோடு போட்டு, வண்ணப் பேனாவில் அடிக்கோடு இட்டு வைத்திருந்தாள். தலைமையாசிரியர் உங்கப்பாவையும் என்னையும் கூப்பிட்டார். மரியாதையானவர். உட்காரச் சொல்லி காபி வரவழைத்தார். "இது உங்க புள்ளையோட நல்லதுக்குத்தானுங்க சொல்றேன். இங்க வெச்சிருந்தா அவளுக்கும் கஷ்டம், மத்த புள்ளைங்களுக்கும் கஷ்டம். ஸ்பெஷல் ஸ்கூல்ல சேத்திட்டீங்கன்னா அவிங்க பாத்துக்குவாங்க" என்றார். உங்கப்பா விரலில் கிரீஸ் ஒட்டியிருக்கிறதே என்று, காபி டம்ளரைத் துணியால் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். இரண்டு பேரும் ஒரே நேரத்தில் சொன்னோம்: "சரிங்க சார்." கையெழுத்துப் போட்டோம். எழுந்து நின்று, "ரொம்ப நன்றிங்க சார்" என்றும் சொன்னோம். எங்கள் பிள்ளையை வெளியே தள்ளினவருக்கு நன்றி சொல்லிவிட்டு வந்தோம், கண்ணு. இதை நான் இதுவரை யாரிடமும் சொன்னதில்லை.

சிறப்புப் பள்ளி மட்டம் என்று நான் சொல்லவில்லை. அங்கே படித்து நன்றாக இருக்கிற பிள்ளைகளை எனக்குத் தெரியும். பிள்ளைக்குப் பிடித்து, பெற்றவர்கள் யோசித்துச் சேர்ப்பது ஒன்று. "உன்னால் எங்களுக்குத் தொந்தரவு" என்பதைக் காபியோடு சேர்த்துக் கொடுத்து அனுப்புவது வேறொன்று.

அடுத்த நாள் நீ என்ன செய்தாய் என்று ஞாபகம் இருக்கிறதா? உனக்குப் பன்னிரண்டு வயது, ஏழாம் வகுப்பு. காலையில் யூனிபார்ம் போட்டுக்கொண்டு போனவன் வகுப்புக்குப் போகவில்லை. தலைமையாசிரியர் அறை வாசலில் போய் நின்றுகொண்டாய். "எங்கக்கா இல்லாம நான் கிளாஸுக்குப் போகமாட்டேனுங்க." அடித்தார்கள், வெயிலில் நிற்க வைத்தார்கள், எங்களுக்கு ஆள் விட்டார்கள். நீ "சரிங்க" என்று சொல்லவில்லை. நம் குடும்பத்தில் முதல்முதலாக "சரிங்க" சொல்ல மறுத்தவன் நீ. அந்தப் பையன் எங்கே போனான்? சரவணம்பட்டியில் பிளாட் வாங்கியபோது அவனைப் பழைய சாமானோடு சேர்த்துப் போட்டுவிட்டாயா?

உன்னை அழைத்துவரப் போன நான் அங்கே பாத்திமா அக்காவைப் பார்த்தேன். அவர் மகள் நஸ்ரீன் நித்யாவோடு அதே வகுப்பில் படித்த பெண், அவளுக்கும் காது கேட்காது. அக்கா உக்கடம் பக்கத்தில் தையல் கடை வைத்திருந்தார். நான் பெற்றோர் கூட்டத்தில் அவர் பக்கத்தில் உட்காராமல் தள்ளித்தான் உட்காருவேன், இதையும் சொல்லிவிடுகிறேன். அவர் கூட்டத்தில் எழுந்து நின்று, "என் பொண்ணுக்குப் புரியல சார், திரும்பச் சொல்லுங்க, அவ மூஞ்சியைப் பாத்துச் சொல்லுங்க" என்று சத்தமாகக் கேட்பார். அம்மாவும் மகளும் எல்லார் எதிரிலும் கையால் பேசிக்கொள்வார்கள். எனக்குக் கூச்சமாக இருக்கும். எங்கள் பழக்கம் வேறு, அவர்கள் பழக்கம் வேறு என்று மனசுக்குள் ஒரு பெரிய இவள் மாதிரி நினைத்துக்கொள்வேன். அன்றைக்கு அவர் என்னைப் பார்த்துக் கேட்டார்: "ஏம்மா, உன் புள்ளையை வெளிய போன்னு எழுதித் தரச் சொன்னாங்க, நீ கையெழுத்துப் போட்டு நன்றியும் சொல்லிட்டு வந்தியாமே? இந்தப் பையனுக்கு இருக்கற ரோசம் உனக்கு இல்லையா?" என் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு உள்ளே போனார். காது கேட்காது என்ற காரணத்துக்காக ஒரு பிள்ளையை வெளியே அனுப்பச் சட்டத்தில் இடம் இருக்கிறதா என்று தலைமையாசிரியரிடமே கேட்டார். அவர் ஏதோ சமாதானம் சொன்னார். அக்கா என்னைப் பார்த்தார். நான் சொல்ல வேண்டும் என்று பார்த்தார். அப்புறம் சொன்னேன்: "எனக்குச் சம்மதமில்லீங்க சார்." அவ்வளவுதான் சொன்னேன். முழுப்பரீட்சை வரைக்கும் பார்க்கலாம் என்று தலைமையாசிரியர் அந்தக் காகிதத்தைக் கிழித்தார்.

அதற்கப்புறம் நடந்தது எதுவும் மந்திரமில்லை. நஸ்ரீனிடம் நித்யா சைகை படித்தாள், நித்யாவிடம் நீயும் நானும் படித்தோம். எந்தக் கையை அடித்தேனோ அந்தக் கையையே பார்த்துப் பாடம் கற்றுக்கொண்டேன். அவளுக்கு நான் இரண்டாம் தடவையாகப் பேச்சுச் சொல்லிக்கொடுத்தேன், இந்த முறை "புரியலைங்க" என்ற வார்த்தையை. "சரிங்க"வுக்குப் பத்து மாதம் பிடித்ததென்றால் இதற்கு ஒன்றரை வருஷம் பிடித்தது. ஏனென்றால் அதைச் சொல்ல அவளுக்குப் பயம். உங்கள் கணக்கு வாத்தியாரை நினைத்துப்பார். காது வரைக்கும் முறுக்கி விட்ட மீசை, ஊரில் அவருக்கு அதுதான் அடையாளம். நஸ்ரீன் ஒருநாள் போர்டில் எழுதினாள்: "சார், உங்கள் மீசையில் பாடம் மாட்டிக்கொள்கிறது." வகுப்பே சிரித்தது. மறுநாள் அவர் மேல் உதடு தெரிய மீசையை நறுக்கிக்கொண்டு வந்தார். எழுதும்போது பேசமாட்டார், பேசும்போது எழுதமாட்டார். ஜன்னல் வெளிச்சம் தன் முகத்தில் விழுகிற இடமாகப் பார்த்து நிற்பார். புது வார்த்தை வந்தால் அதை முதலில் போர்டில் எழுதிவிட்டுத்தான் வாயால் சொல்வார். ஒரு நாளைக்கு எத்தனை நிமிஷம் கூடுதலாக ஆகியிருக்கும்? நித்யா பத்தாவதில் தேறினாள், டிப்ளமோ முடித்தாள், இன்றைக்குப் பம்ப் கம்பெனியில் டிராயிங் போடுகிறாள். அவள் போட்ட டிராயிங்கை வைத்துத்தான் உங்கப்பா பட்டறையில் பாதிச் சாமான் கடைகிறார். அந்த வாத்தியாரைப் பார்த்துத்தான் நானும் கணக்கு வாத்தியார் ஆவேன் என்று நீ பி.எட். படித்தாய். மறந்துபோச்சா?

இப்போது சுபத்ராவுக்கு வருகிறேன். திங்கட்கிழமை ரபியை ஆபீஸ் அறைக்குக் கூப்பிட்டேன். "இதுல கையெழுத்துப் போட உங்களுக்கு மனசு இருக்குதுங்களா?" என்று கேட்டேன். பாரத்தை நாலாக மடித்துச் சட்டைப் பையில் வைத்திருந்தார். "சார் நல்ல ஆளு அம்மா. சார் சொன்னா சரிங்க" என்றார். மூன்று வருஷத்துக்கு முன்னால் அவர் ரயிலிறங்கி நம் பட்டறைக்கு வந்தபோது, உங்கப்பா அவருக்குச் சொல்லிக்கொடுத்த முதல் தமிழ் வார்த்தை அதுதான். எது சொன்னாலும் "சரிங்க" சொல்லு, பிழைச்சுக்குவே என்றார். நானும் பக்கத்தில் நின்று சிரித்தேன். என் மகளுக்குச் சொல்லிக்கொடுத்ததையே இன்னொரு தகப்பனுக்கும் சொல்லிக்கொடுத்திருக்கிறோம். அதை நீ அறுவடை செய்திருக்கிறாய். எதிர்த்துப் பேசாத தங்கமான மனுசன் என்றாயே, எதிர்த்துப் பேச அவருக்கு எந்த பாஷையைக் கொடுத்தோம்?

அன்று சாயங்காலம் நித்யா வேலை விட்டு நேராக ரபி வீட்டுக்குப் போனாள். நானும் போனேன். சுபத்ராவின் அம்மா எங்களைப் பார்த்ததும் பாயை விரித்துவிட்டுச் சுவரோரம் நின்றுகொண்டாள். ரபியை நடுவில் வைத்துக் கேட்டேன், மகளிடம் எப்படிப் பேசுவீர்கள் என்று. அவள் தலையைக் குனிந்துகொண்டு சொன்னதை ரபி தமிழில் சொன்னார்: "முன்னே நிறையப் பேசும். சார் சொன்னாரு, வீட்ல தமிழ் மட்டும் பேசணும், அப்பதான் புள்ளைக்குத் தமிழ் வரும். அம்மாக்குத் தமிழ் வராது. அதனால பேசறதை விட்டுடுச்சு." நீ சொன்னாயா கண்ணு இதை? பெற்றோர் கூட்டத்தில் உட்கார்ந்துகொண்டு, பெரிய அறிவாளி மாதிரி, ஒரு தாய் பிள்ளையிடம் வாயைத் திறக்கக் கூடாது என்று சொன்னாயா? அந்தப் பிள்ளை பதினோரு வருஷமாகப் படித்து வைத்திருந்தது ஒடியா பேசுகிற இரண்டு உதடுகளை மட்டும்தான். உலகத்தில் அவளுக்குத் தெரிந்த ஒரே புத்தகம் அது. அதையும் மூடிவிட்டாய். கண்ணாடி முன்னால் உட்கார்ந்து நான் செய்த பாவத்தை, நான் படிக்காதவள் என்று நீ மன்னிக்கலாம். உனக்கு என்ன சாக்கு?

உன் வகுப்பில் காது கேட்கிற ஒடிசாப் பிள்ளைகள் இரண்டு மூன்று பேர் இருக்கிறார்கள், மூன்றே மாதத்தில் தமிழில் சண்டை போடுகிறார்கள் என்று நீதான் பெருமையாகச் சொன்னாய். அவர்கள் விளையாட்டு மைதானத்தில் காதால் பொறுக்கிக்கொண்டார்கள். இவளுக்கு யார் என்ன கொடுத்தீர்கள்? "காதும் கேக்காது, பாஷையும் வேற, ரெட்டைக் கஷ்டம்" என்கிறாய். கஷ்டத்தை இரண்டாக எண்ணத் தெரிந்த கணக்கு வாத்தியாருக்கு, வழியை ஒன்றாகக்கூட எண்ணத் தெரியவில்லை.

இன்னொன்றும் கேள். பள்ளி திறந்த சில வாரத்தில் ஒருநாள் அவள் உன் கண்ணாடியைக் கிண்டல் செய்தாள் என்று ஒரு பீரியட் முழுக்க வெளியே நிற்க வைத்தாயாமே. கண்ணைச் சுற்றி விரலால் பெரிய வட்டம் போட்டுக் காட்டினாளாம். நித்யா அவளிடம் ஜாடையில் கேட்டாள். அவள் எங்களைச் சாமி படத்துக்கு முன்னால் கூட்டிக்கொண்டு போனாள். அவர்கள் ஊர் சாமி, முகம் முழுக்க இரண்டு வட்டக் கண். அன்றைக்கு அந்தச் சாமிக்குத் தேர். புதுப் பாவாடை போட்டுக்கொண்டு, இன்று எங்களுக்குப் பண்டிகை என்று தன் வாத்தியாரிடம் சொல்ல வந்திருக்கிறாள். அவள் உன்னிடம் தானாக வந்து சொன்ன முதல் செய்தி அது. அதற்கப்புறம் அவள் எதையுமே சொல்லவில்லை. நீ என்ன கேட்டாலும் தலையை ஆட்டுகிறாள். "நல்ல புள்ள, எல்லாத்துக்கும் தலையாட்டுவா, ஒண்ணும் எழுதமாட்டா" என்று நீ சொன்னபோதே எனக்குப் பொறி தட்டியிருக்க வேண்டும்.

நாற்பது பிள்ளைகள், முடிக்க வேண்டிய பாடம், மேலே நிர்வாகம், ரிசல்ட். உங்கப்பாவும் "உடு, அவனுக்கு ஆயிரம் வேலை, மேனேஜ்மென்ட் சொன்னா அவன் என்ன பண்ணுவான்" என்கிறார். உன் பாரம் எனக்குத் தெரியாமலில்லை. வாரத்துக்கு ஒருநாள் வந்து போகிற சிறப்பாசிரியரை வைத்துக்கொண்டு எல்லாவற்றையும் நீயே செய் என்று விட்டுவிட்டார்கள், அதுவும் தெரியும். அவர்கள்மேலும் எனக்குக் கோபம் இருக்கிறது, அந்தக் கடிதம் தனியாக வரும். ஆனால் தாடியைக் கத்தரிக்க எந்த நிர்வாகத்திடம் அனுமதி வாங்க வேண்டும்? அவளை முன் வரிசையில், பொறுமையான ஒரு பெண்ணுக்குப் பக்கத்தில் உட்கார வைக்க எந்த உத்தரவு வர வேண்டும்? பாட வார்த்தைகளை முந்தின நாளே ஒரு தாளில் எழுதிக் கொடுத்தால், அவள் அப்பா ஒடியாவில் பக்கத்தில் எழுதிக்கொள்வார், அவள் அம்மா அதை வாயால் சொல்லிக் காட்டுவாள். காது கேட்காத பிள்ளைக்கு ஒரு மொழிப் பாடத்திலிருந்து விலக்கு கேட்கலாம் என்ற விதியை, வாத்தியாரான நீதான் அவர்களுக்குச் சொல்லியிருக்க வேண்டும். வகுப்பில் மற்ற பிள்ளைகளுக்கு நாலு சைகை சொல்லிக்கொடு. உனக்கு நானூறு தெரியும். பதின்மூன்று வயதில் வீட்டில் எதிரில் உட்கார்ந்து, கையாலேயே உன் அக்காவுக்குப் பாதிப் பாடம் சொன்னவன் நீ. அந்தக் கைகளை இவளிடம் ஏன் மறைத்தாய்? மற்ற ஆசிரியர்கள் பார்த்தால் கௌரவக் குறைச்சலா? பெற்றோர் கூட்டத்தில் எனக்கு வந்ததே, அந்தக் கூச்சமா?

கடைசியாக ஒன்று. காது கேட்காத பிள்ளைகள் ஆளுக்கு ஒரு சைகைப் பெயர் வைப்பார்கள், உனக்குத் தெரியும். நித்யா சைகை படித்த புதிதில் உனக்கு வைத்த பெயர், உள்ளங்கையைத் தன் முகத்துக்கு நேராகத் திருப்பிக் காட்டுவது. எப்போதும் என் பக்கம் முகத்தைத் திருப்புகிறவன் என்று அர்த்தம். இன்றைக்கும் உன்னைப் பற்றிப் பேசினால் அப்படித்தான் காட்டுவாள். அன்றைக்கு அந்த வீட்டில் அவள் சுபத்ராவிடம், உன் வாத்தியாருக்கு என்ன பெயர் வைத்திருக்கிறாய் என்று ஜாடை காட்டிக் கேட்டாள். அந்தப் பிள்ளை தன் பின்மண்டையில் இரண்டு தடவை தட்டிக் காட்டியது. எங்களுக்குப் புரியவில்லை. அது எழுந்து போய்ச் சுவரைப் பார்த்துத் திரும்பி நின்றுகொண்டு, சுவரில் எழுதுவதுபோல் கையை ஆட்டிக்கொண்டே வாயை அசைத்தது. எழுதிக்கொண்டே பேசுகிற நீ. உன் முகமே அவளுக்குத் தெரியாது. அவளுக்கு நீ ஒரு பின்மண்டை. திரும்பி வருகிற வழியில் பஸ் ஸ்டாப்பில் உட்கார்ந்து நித்யா அழுதாள். சுபத்ராவுக்காக அழுதாளா, உனக்காக அழுதாளா என்று நான் கேட்கவில்லை.

அந்தப் பாரத்தை ரபியிடமிருந்து வாங்கி இந்தக் கடிதத்தோடு வைத்திருக்கிறேன். கையெழுத்து இல்லை, பார்த்துக்கொள். வெள்ளிக்கிழமை காலை ரபி, அவர் மனைவி, நித்யா, நான், நாலு பேரும் உன் பள்ளிக்கு வருகிறோம். காபி வேண்டாம். "எனக்குச் சம்மதமில்லீங்க சார்" என்ற வாக்கியத்தை ரபி இரண்டு நாளாக டிரில்லிங் மெஷின் பக்கத்தில் நின்று மனப்பாடம் செய்துகொண்டிருக்கிறார். உங்கப்பாதான் சொல்லிக்கொடுக்கிறார்.

நித்யா தினமும் சாயங்காலம் அங்கே போய்விட்டுத்தான் வீட்டுக்கு வருகிறாள். சுபத்ராவுக்கு ஒரே ஒரு சைகைதான் இந்த வாரம் சொல்லிக்கொடுத்திருக்கிறாள், "புரியவில்லை" என்று. கையைத் தூக்கு, வாத்தியார் பார்க்கிறவரைக்கும் இறக்காதே, எவ்வளவு வலித்தாலும் இறக்காதே என்று சொல்லி அனுப்பியிருக்கிறாள். நேற்றும் முந்தாநாளும் அவள் உன் வகுப்பில் அப்படித் தூக்கியிருக்கிறாள். கை வலிக்க வலிக்கப் பிடித்திருந்தாளாம். நீ போர்டில் எழுதிக்கொண்டிருந்தாயாம்.

நாளைக்கும் தூக்குவாள். திரும்பிப் பார், கண்ணு.

உன் அம்மா